மடிக்கணினியில் தேநீர் சிந்தினால்

என் தோழி உயர்தர மாணவி. மழை கொட்டிய ஒரு மாலையில், இஞ்சி போட்ட பிளேன்டீயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்படை ஒன்றைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். ஓடிவந்த தம்பி மேசையில் மோதினான். பாதிக் கோப்பை விசைப்பலகைக்குள் போய்விட்டது. வாப்பா சீட்டுக் காசில் வாங்கிக் கொடுத்த கணினி! பயத்தில் கிடைத்த துணியால் துடைத்து, அணைத்து மூடிவைத்தாள். யாருக்கும் சொல்லவில்லை. இரவில், வேலை செய்கிறதா என்று பார்க்க மறுபடி இயக்கினாள். திரை ஒருமுறை மின்னி அணைந்தது.

கணினியைக் கெடுத்தது தேநீர் மட்டுமல்ல, அந்த ஒரு அழுத்தலும்தான். ஈரத்தினூடே மின்சாரம் பாயும்போதே சுற்றுகள் கருகுகின்றன, செப்புத் தடங்கள் வேகமாக அரிக்கப்படுகின்றன.

ஆகவே முதலில் சுவர் ஆளியை அணைத்துச் சார்ஜரைக் கழற்றுங்கள். செய்த வேலையைச் சேமிக்கலாமே என்று தாமதிக்க வேண்டாம். இயக்கும் பொத்தானைப் பத்து விநாடியளவு அழுத்திப் பிடித்தால் கணினி அணைந்துவிடும். மின்கலம் கழற்றக்கூடியதென்றால் அதையும் கழற்றுங்கள். பிறகு, விரித்த புத்தகத்தைக் கவிழ்ப்பதுபோல, விசைப்பலகை கீழ்நோக்கும்படி ஒரு துவாயின் மேல் வையுங்கள். போன வழியாலேயே தேநீர் வெளியே வரட்டும். குலுக்கக் கூடாது.

காயவைப்பதில்தான் நம் ஊர் நமக்கு எதிராக நிற்கிறது. இலங்கையில் மிகக் கூடுதலான மழை பெறும் பகுதிகளில் வட்டவளையும் கினிகத்தேனையும் அடங்கும். ஆண்டு மழை 5000 மில்லிமீற்றரை ஒட்டியது. கொடியில் போட்ட சீருடையே மூன்று நாளாகியும் காயாத காற்றில், மூடிய கணினிக்குள் இருக்கும் ஈரம் 48 மணித்தியாலத்தில் காய்ந்துவிடும் என்று எப்படி நம்புவது? அரிசிக்குள் புதைப்பதும் பயனில்லை. தூசியும் மாவும் துளைகளில் அடைவதுதான் மிச்சம். அடுப்படிச் சூடு பிளாஸ்டிக்கை வளைத்துவிடும்.

தண்ணீர் காய்ந்தாலும் சீனி பிசினாக விசைகளைப் பிடித்துக்கொள்ளும். பாலிலிருந்து எஞ்சும் உப்புகள் ஈரக்காற்றில் வாரக்கணக்கில் அரிப்பை வளர்க்கும். அதனால் திருத்துநரிடம் கொடுத்துத் திறந்து சுத்தம் செய்விப்பதே வழி; அவர்கள் பெரும்பாலும் ஐசோபுரோப்பைல் அற்ககோலால் தாய்ப்பலகையைத் துடைப்பார்கள். என்ன சிந்தியது, எப்போது, அதன்பின் இயக்கினீர்களா என்ற மூன்றையும் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

தோழியின் கணினி எழவில்லை. ஆனால் வன்தட்டு தப்பியிருந்தது. திருத்துநர் அதை வேறொரு கணினியில் இணைத்து ஒப்படையை எடுத்துக் கொடுத்தார். வாப்பா ஏசவில்லை. "அப்பவே சொல்லியிருக்கலாமே மகள்" என்று மட்டும் கேட்டாராம்.