சுவைக்கு மதிப்பெண் இடலாமா?

கட்டுரைத் தாள்களைத் திருத்தும் ஆசிரியர்க்கு ஐம்பது மதிப்பெண்ணைப் பங்கிடும் தொல்லை புதிதன்று. கருத்துக்கு இவ்வளவு, மொழிநடைக்கு இவ்வளவு, அமைப்புக்கு இவ்வளவு என்று வகுத்துக்கொண்டு சிவப்பு மையைத் தொடுகிறோம். அமெரிக்க நாட்டில் இதே ஐம்பதை ஒரு குவளைப் பீருக்குப் பங்கிடுகிறார்கள். மணத்திற்கு 12, தோற்றத்திற்கு 3, சுவைக்கு 20, வாய்க்குள் உணரப்படும் கனத்திற்கும் நுரைப்புக்கும் 5, முழுமையும் நோக்கியபின் எழும் எண்ணத்திற்கு 10. 'பீர் நடுவர் சான்றளிப்புத் திட்டம்' என்ற அமைப்பு 1985இல் தொடங்கப்பெற்றது. மேற்கூறிய பங்கீடு அதனுடைய தாளில் உள்ளது. இன்று பல நாடுகளில் வீட்டு மேசையைச் சுற்றி நால்வர் ஐவராய் அமர்ந்து பீர் சுவைப்போரும் இத்தாளையோ இதைப் போன்ற ஒன்றையோ முன்வைத்துக்கொள்கின்றனர்.

'தமிழ் ஏட்டில் மதுவைப் பற்றியா?' என்று ஒருவர் கேட்கக்கூடும். அக்கேள்வி நியாயமானதே. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வைத்தார். இம்மண்ணிலும் தோட்டத்துக் கள்ளுக்கடை நம் மக்களுக்கு இழைத்த கேட்டை மறந்தோமில்லை. 1947இல் கெடாத் தோட்டங்களில் தொண்டர் படையினர் அக்கடைகளை எதிர்த்துத் திரண்டது நம் வரலாற்றின் ஒரு பகுதி. யாரையும் குடிக்க அழைப்பது என் நோக்கமன்று. குடியாதவர்கள் இங்குக் கூறப்படும் முறையைத் தேநீருக்கோ, தேனுக்கோ, ஊறுகாய்க்கோ பயன்படுத்திக்கொள்ளலாம். நான் கேட்க விழைவது ஒன்றே: நாவின் அனுபவத்தைச் சொல்லாகவும் எண்ணாகவும் மாற்ற முடியுமா? முடியுமாயின், சொல்லை நம்புவதா, எண்ணை நம்புவதா?

இவ்வழக்கம் எழுந்த கதையைச் சுருக்கமாகக் காண்போம். அமெரிக்காவில் மதுவிலக்கு 1933இல் நீங்கிய பின்னர்ப் பெரிய ஆலைகள் சிறியவற்றை விழுங்கின. நாடெங்கும் ஏறத்தாழ ஒரே சுவையுடைய வெளிறிய பீரே கிடைத்தது. 1965இல் பிரிட்ஸ் மேடாக் என்பவர் சான்பிரான்சிஸ்கோவில் நொடிந்துகொண்டிருந்த ஆங்கர் ஆலையை வாங்கிப் பழைய முறைகளுக்கு உயிரூட்டினார். (அவ்வாலை 2023இல் மூடப்பட்டது.) 1976இல் ஜாக் மெக்காலிப் கலிபோர்னியாவின் சோனோமாவில் நியூ ஆல்பியன் என்னும் சிற்றாலையை நிறுவினார். 1978இல் அதிபர் கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டம், வீட்டில் தன் பயனுக்காகப் பீர் காய்ச்சுவோர்மீதிருந்த வரியை நீக்கி வழி திறந்தது. வீட்டில் காய்ச்சியவர் பலர் பின்னர் ஆலை தொடங்கினர். அவர்கள் செய்வதே இன்று 'கைவினைப் பீர்' எனப்படுகிறது. அந்நாட்டுச் சங்கம் 'சிற்றாலை' என்பதற்கு வகுத்திருக்கும் வரம்பு ஆண்டுக்கு 60 இலட்சம் பீப்பாய்! சுமார் 70 கோடி லிட்டரைச் 'சிறிது' என்று கூற அமெரிக்கராலேதான் இயலும். சிங்கப்பூரிலும் 2004 முதல், விற்பனைக்கன்றிச் சொந்தப் பயனுக்காக வீட்டில் ஓரளவு காய்ச்சிக்கொள்ள இசைவு உண்டு.

வீட்டில் காய்ச்சியவன் தன் படைப்பு நன்றா தீதா என்று யாரைக் கேட்பான்? நண்பனைக் கேட்டால் 'பிரமாதம்' என்பான். ஓசிக் குவளையைக் கையில் ஏந்தியவன் வேறு என்ன சொல்வான்? இக்குறையை நீக்கவே போட்டிகளும் நடுவர்களும் தாள்களும் தோன்றின.

நடுவர் முதலில் கேட்கும் கேள்வி 'இது சுவையாக இருக்கிறதா' என்பதன்று. 'இது எவ்வகையைச் சார்ந்தது' என்பதே. இவ்வகைப்பாட்டைப் பரவலாக்கியவர் மைக்கேல் ஜாக்சன் என்ற ஆங்கிலேய எழுத்தாளர். (பாடகர் அல்லர்.) 1977இல் வெளிவந்த அவருடைய நூல் உலகத்துப் பீர்களை நாடு, செய்முறை, சுவை ஆகியவற்றால் இனம் பிரித்துக் காட்டிற்று.

வகையறியாமல் குற்றம் கூறலாகாது என்பதைத் தமிழாசிரியர்க்கு விளக்க வேண்டுவதில்லை. பவேரிய நாட்டுக் கோதுமைப் பீரில் கிராம்பு மணமும் வாழைப்பழ மணமும் கமழும். அதில் கிராம்பும் இல்லை, பழமும் இல்லை; நொதிக்கச் செய்யும் ஈஸ்ட்டு அம்மணங்களைத் தருகிறது. அங்கு அது சிறப்பு. அதே கிராம்பு மணம் ஒரு வெளிறிய லாகர் பீரில் தோன்றினால், வேண்டாத நுண்ணுயிர் புகுந்துவிட்டது என்று பொருள். பெல்ஜியத்தில் பிரசல்சு நகரை அடுத்த பகுதியில் காற்றிலும் மரப்பீப்பாயிலும் வாழும் உயிர்களால் நொதிக்கும் லாம்பிக் பீர் புளிக்கும், புளிக்கத்தான் வேண்டும். மற்றொன்று புளித்தால் கெட்டது. பசுவை உவப்பினால் 'அம்மை' என்று உயர்திணையில் அழைப்பதை வழுவமைதி என ஏற்கும் நாம், அதையே மாணவன் அறியாமையால் எழுதினால் வழு என்று அடிக்கோடு இடுகிறோமல்லவா? நடுவரும் அவ்வாறே இடமறிந்து கோடிடுகிறார்.

இனி நாவுக்கு வருவோம். நுனியில் இனிப்பு, விளிம்பில் உப்பும் புளிப்பும், அடியில் கசப்பு என்று நாவின் படம் ஒன்றைப் பள்ளிப் பாடநூல்களில் கண்டிருப்போம். நானும் அதைக் கரும்பலகையில் வரைந்து கற்பித்தவனே. அது பிழை. 1901இல் ஹேனிக் என்ற செருமானியர் நாவின் பகுதிகளுக்கிடையே உணர்திறனில் மிகச் சிறு வேறுபாடு இருப்பதை அளந்தார். 1942இல் போரிங் என்ற அமெரிக்க உளவியலாளரின் நூலில் வந்த வரைபடம், அச்சிறு வேறுபாட்டைப் பெரும் எல்லைக் கோடுகளாகத் தோன்றச் செய்துவிட்டது. உண்மையில் சுவை மொட்டுகள் உள்ள இடமெல்லாம் எல்லாச் சுவைகளும் உணரப்படும். இதனை ஐயுறுவோர் ஒரு துளி பாகற்காய்ச் சாற்றை நுனிநாவில் இட்டுக்கொள்க.

அதைவிட வியப்பு, 'சுவை' என்று நாம் மயங்குவதில் பெரும்பங்கு மணம் என்பது. விழுங்கும்போது வாயின் ஆவி தொண்டையின் பின்வழியே ஏறி மூக்கை அடைகிறது. மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு துண்டு இஞ்சி மிட்டாயை மெல்லுங்கள். இனிப்பும் உறைப்பும் தெரியும், இஞ்சி தெரியாது. கையை எடுத்த நொடியில் இஞ்சி வந்து நிற்கும். வகுப்பில் செய்து காட்டத்தக்க சோதனை இது. எந்தப் பிள்ளையும் இதை மறவாது. மணத்திற்கென்று 12 வைத்திருந்தும், சுவைக்குரிய 20இலும் மூக்கே பெரும்பகுதி உழைக்கிறது.

மூக்கு அறிந்ததை வாய் சொல்ல வேண்டுமே! இவ்விடத்தில்தான் மொழி இடறுகிறது. 1970களில் டென்மார்க்கினரான மோர்ட்டன் மெய்ல்கார்ட் என்ற அறிஞர், பீரில் தோன்றக்கூடிய மணங்களையும் சுவைகளையும் ஒரு சக்கரமாக வரிசைப்படுத்தினார். உள்வட்டத்தில் பெருவகைகள் 14. வெளிவட்டத்தில் அவற்றின் பிரிவுகள். ஐரோப்பிய, அமெரிக்கத் தொழிலறிஞர் சங்கங்கள் அதனை ஏற்றுக்கொண்டன. ஒவ்வொரு சொல்லுக்கும் முகர்ந்து பார்க்கத்தக்க ஒரு பொருள் சான்றாகக் காட்டப்பட வேண்டும் என்பது இம்முறையின் உயிர்நாடி. 'வெண்ணெய் மணம்' என்றால் டைஅசிட்டைல் என்னும் வேதிப்பொருள். 'வாழைப்பழம்' என்றால் ஐசோஅமைல் அசிட்டேட்டு. 'நனைந்த அட்டை' என்றால் பீர் உயிர்வளியாலும் வெப்பத்தாலும் பழசாகும்போது தோன்றும் நானெனல். அவற்றை நீரிலோ பீரிலோ கலந்து முகர்ந்து பழகியவர்கள் ஒரே சொல்லால் ஒரே பொருளைச் சுட்டுகின்றனர்.

ஆனால் மேலைநாட்டார் சான்றுப் பொருள்கள் எல்லாம் நமக்கு உதவா. வெயில் பட்ட பீரை அவர்கள் 'ஸ்கங்க் நாற்றம்' என்பர். ஹாப்ஸ் பூவின் கசப்புப் பொருளை ஒளி சிதைத்துக் கந்தகம் கலந்த ஒரு பொருளை உண்டாக்குகிறது; அது அமெரிக்கக் காட்டிலுள்ள ஸ்கங்க் என்னும் விலங்கு பீய்ச்சும் நீரை நினைவூட்டும். அவ்விலங்கை நம்மில் யார் முகர்ந்தார்? தோட்டத்தில் வளர்ந்த என் நண்பர் ஒருவர் அதே குவளையை முகர்ந்துவிட்டுச் 'சுட்ட ரப்பர்' என்று எழுதினார். எனக்கு உடனே விளங்கிற்று. கேஸ்கேட் என்னும் அமெரிக்க ஹாப்ஸின் மணத்தைக் 'கிரேப்புரூட்' என்பார்கள். தம்பூன் பம்பளிமாஸ் தோலை நகத்தால் கீறி முகர்ந்தவனுக்கு வேறு விளக்கம் வேண்டுமோ?

நம் மொழியில் சொற்கள் குறைவல்ல, எடுத்தாள்வோர் குறைவு. பழைய எண்ணெய்க்குக் காறல், கெட்ட சோற்றுக்கு ஊசல், மீனுக்குக் கவிச்சி, புலாலுக்கு முடை, தொண்டையைப் பிடிக்கும் புகைக்குக் கமறல். ஆங்கிலத்தில் இவற்றுள் சிலவற்றுக்கு ஒற்றைச் சொல் தேடினால் கிடைப்பதரிது. 'நாற்றம்' ஒருகாலத்தில் நறுமணத்தையும் குறித்து நின்று பின்பு இழிந்தது என்பதை ஆசிரியர்கள் அறிவர். தெளிந்த மதுவுக்குத் 'தேறல்' என்று பெயரிட்டவர்கள் நம் முன்னோர். தோற்றத்திற்குரிய மூன்று மதிப்பெண்ணில் தெளிவும் கலங்கலும் அடங்கும். பெரும்பாணாற்றுப்படை, அரிசிக் கூழை ஆற்றிச் சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்து விளைவிக்கும் மதுவை விளக்குகிறது. தானியத்தை நொதிக்கவைத்த பருகுநீர், ஆகவே, நமக்கு முற்றும் அந்நியமன்று.

வீட்டில் செய்யும் முறை எளிது. நான்கைந்து வகை போதும். ஒவ்வொன்றிலும் ஆளுக்கு 60 மில்லி லிட்டர். ஐந்து வகை சுவைத்தாலும் ஒரு சிறு டின் அளவைத் தாண்டாது. இதற்கு மேல் போனால் மூக்கு உழைப்பதை நிறுத்திவிடும். கிண்ணத்தில் சோப்பும் எண்ணெய்ப் பசையும் கூடா; நுரை அமுங்கிவிடும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஊற்றாமல் பத்து நிமிடம் விடுக. மிகு குளிர் மணத்தைப் பூட்டிவைக்கும். இளஞ்சுவையிலிருந்து கடுஞ்சுவைக்குச் செல்க. இடையிடையே தண்ணீரும் வெறும் ரொட்டியும் கொள்க. அன்று சம்பாலும் வேண்டாம், அத்தரும் வேண்டாம். முதலில் முகர வேண்டும், ஏனெனில் மணமே முந்தி ஓடிவிடும். திராட்சை மதுவைச் சுவைப்போர் உமிழ்வதுண்டு. பீர் நடுவர் விழுங்குவர், பின்சுவைக் கசப்பை அறிய. எழுதி முடிக்கும்வரை ஒருவரும் வாய் திறக்கலாகாது. ஒருவர் 'தேன்' என்று சொல்லிவிட்டால் நால்வர்க்கும் தேன் மணக்கும்.

எல்லாவற்றினும் முதன்மையானது, பெயர்ச்சீட்டை மறைப்பது. ஒருவர் சமையலறையில் ஊற்றி எண்ணிட்டுக் கொண்டுவர வேண்டும். அவர் குறும்புக்காரராயின் ஒரே பீரை இரண்டு எண்களில் வைப்பார். எங்கள் வீட்டில் என் மனைவி அவ்வாறு செய்தார். இரண்டாம் கிண்ணத்திற்கு 38 இட்ட நான், ஐந்தாம் கிண்ணத்திற்கு 29 இட்டேன். இரண்டும் ஒரே புட்டி. 'மிக நன்று' என்னும் படியையே தாண்டிச் 'சிறப்பு' ஒருபுறம், வெறும் 'நன்று' மறுபுறம். நாற்பது ஆண்டு மாணவர்களுக்கு மதிப்பெண் இட்ட கை அது! அன்றிரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை, பீரினால் அன்று.

எனக்கு மட்டும் நேர்ந்ததன்று இது. கலிபோர்னியக் கண்காட்சி ஒன்றில் திராட்சை மது நடுவர்களுக்கு ஒரே புட்டியிலிருந்து மூன்று முறை அவர்கள் அறியாமல் ஊற்றிக் கொடுத்துச் சோதித்தார் இராபர்ட் ஹாட்சன் என்ற ஓய்வுபெற்ற பேராசிரியர். மூன்றையும் ஒரே பதக்கத் தரத்தில் வைத்தவர்கள் பத்தில் ஒருவரே என 2008இல் எழுதினார். அதற்கு 120 ஆண்டு முன்பே, 1888இல், எட்ஜ்வொர்த் என்ற பொருளியல் அறிஞர் தேர்வுத் தாள் திருத்துவோரின் மதிப்பெண்கள் எவ்வளவு தடுமாறும் என்று கணக்கிட்டுக் காட்டினார். நான் தேர்ச்சி தந்த பிள்ளைகளையும் தராத பிள்ளைகளையும் நினைத்துக்கொண்டேன். பீர் நடுவர்கள் இத்தடுமாற்றத்தை மறைக்காமல், இருவர் எண்கள் ஏழுக்கு மேல் விலகினால் இருவரும் பேசி நெருங்க வேண்டும் என்று விதி வைத்துள்ளனர். தாளில் எண்ணுக்குரிய இடம் ஒரு சிறு கோடு; எஞ்சிய பரப்பெல்லாம் சொல் எழுதுவதற்கு. காய்ச்சியவன் 27 என்ற எண்ணைக் கொண்டு என்ன செய்வான்? 'வெண்ணெய் மணக்கிறது' என்றால், அடுத்த முறை ஈஸ்ட்டுக்கு இன்னும் சில நாள் கொடுத்து அதனைப் போக்கிக்கொள்வான்.

அன்றைய தாள்களை இன்னும் வைத்திருக்கிறேன். மூன்றாம் கிண்ணத்திற்கு நால்வர் இட்ட எண்கள் 22, 25, 31, 34. ஒருவர்க்கொருவர் பேசவுமில்லை, பார்க்கவுமில்லை. 34 இட்டவர் உட்பட மூவர், வெவ்வேறு கையெழுத்தில், 'நனைந்த அட்டை' என்று எழுதியிருந்தோம். சமையலறைக்குச் சென்று டின்னைத் திருப்பிப் பார்த்தபோது, அடியில் அச்சிட்டிருந்த காலவரம்பு கடந்து ஏழு மாதம் ஆகியிருந்தது.