கோட்டுக்கு வெளியே – 7: கேரளத்துக்குக் கோப்பை வென்று தந்த தமிழர்

கோல் போட்டவரை ஊரே தோளில் தூக்கிக்கொள்ளும். அவரைத் தயார் செய்தவரை யாரும் தேடுவதில்லை. சின்ன காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இது புரியும். கோர்வைச் சேலைக்குத் தறியில் ஒருவர் போதாது. கரைப் பக்கம் உட்கார்ந்து நாடா போட இன்னொருவர் வேண்டும். சேலை கடைக்குப் போனபின் அந்த இரண்டாவது கை யார் நினைவிலும் இருப்பதில்லை.

சைமன் சுந்தரராஜும் அப்படி மறக்கப்பட்டவர்தான். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெருவுக்கு எதிராக இந்தத் தமிழ்நாட்டு வீரர் அடித்ததே ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் கடைசி கோல். அதன்பின் நம் அணி அங்கே ஆடத் தகுதி பெறவேயில்லை.

அந்த ரோம் அணியின் பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம், ஹைதராபாத்தில் ஆசிரியராக இருந்தவர். வலது காலையே நம்பி ஆடுபவர்களுக்கு, இடது காலால் மட்டும் பந்தைத் தொடலாம் என்று விதி வைத்துப் போட்டி நடத்துவார். வந்த பந்தை ஒரே தொடுதலில் கடத்திவிட வேண்டும் என்றும் ஆட்டங்கள் வைப்பார். உடல் வலுவில் ஐரோப்பியரோடு மல்லுக்கட்ட முடியாது, பந்தை வேகமாகக் கடத்தினால் முடியும் என்பது அவர் கணக்கு. 1951, 1962 ஆசிய விளையாட்டுகளில் தங்கம் வாங்கித் தந்த அவரை 1963 ஜூனில் புற்றுநோய் கொண்டுபோய்விட்டது.

ரஹீமிடம் ஆடிய சுந்தரராஜ் பிறகு தானே பயிற்சியாளரானார். தேசியக் கால்பந்துப் போட்டியான சந்தோஷ் கோப்பை 1941-இல் தொடங்கியது. கேரளம் அதுவரை ஒருமுறைகூட வென்றதில்லை. 1973 டிசம்பரில் எர்ணாகுளத்தில் இறுதிப் போட்டி. எதிரே ரயில்வே அணி. கேரளம் 3–2 என ஜெயித்தது. மூன்று கோலும் கேப்டன் டி.கே.எஸ். மணி போட்டவை. 'கேப்டன் மணி' என்றே கேரளம் இன்றும் அவரைச் சொல்கிறது. அந்த அணியைப் பயிற்றுவித்த சுந்தரராஜின் பெயரை இங்கே எத்தனை பேர் அறிவோம்?

அமெரிக்கக் கால்பந்தில் பயிற்சியாளர்களின் நிலைமை வேறு. பள்ளி ஆசிரியராக இருந்து பயிற்சியாளரான வின்ஸ் லோம்பார்டி, முந்தைய ஆண்டு ஒரே ஓர் ஆட்டத்தில் மட்டும் வென்றிருந்த கிரீன் பே அணியை 1959-இல் ஏற்றார். சிறிய ஊரின் அந்த அணிக்கு ஐந்து முறை பட்டம் வாங்கித் தந்தார். அவர் 1970-இல் மறைந்தபின், அந்த ஆட்டத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலின் கோப்பைக்கே அவர் பெயரைச் சூட்டிவிட்டார்கள்.

நம் ஊர்த் தறி வீட்டுப் பிள்ளைகள் இன்றும் செங்கல்லை கோல் போஸ்டாக வைத்து ஆடுகிறார்கள். காலில் வேகம் இருக்கிறது. திருத்திச் சொல்லத்தான் ஆள் இல்லை. காவல்துறை, ரயில்வே, ராணுவ அணிகளில் ஆடி ஓய்வு பெற்றவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். தலைமையாசிரியர்களே, பெற்றோர்களே, அவர்களை வீடு தேடிப் போய்க் கூப்பிடுங்கள். வாரத்தில் இரண்டு மாலை அவர்கள் மைதானத்துக்கு வந்தால்கூடப் போதும். அடுத்த சுந்தரராஜ் உங்கள் தெருவிலிருந்தே வரலாம்.