இறந்த பிறகு கிடைத்த குடியுரிமை

2003 மார்ச் 21. ஈராக் மீது அமெரிக்கா படையெடுத்த மறுநாள். உம் காஸர் துறைமுகத்துக்கு அருகே மரைன் படை வீரர் ஒருவர் குண்டு பாய்ந்து இறந்தார். அந்தப் போரில் முதலில் உயிரிழந்த அமெரிக்கப் படையினரில் அவரும் ஒருவர். பெயர் ஹொசே அந்தோனியோ குட்டியரெஸ். எந்தக் கொடிக்காகச் செத்தாரோ, அந்த நாட்டின் குடிமகனாக அவர் அன்று இல்லை.

அவர் பிறந்தது மத்திய அமெரிக்காவிலுள்ள குவாத்தமாலாவில். ஏழை உழவர்களுக்கு நிலம் பிரித்துக் கொடுத்த அரசு ஒன்று அங்கே இருந்தது. 1954இல் அது கவிழ்க்கப்பட்டது. அதன் பின்னணியில் இருந்தது அமெரிக்க உளவுத்துறை. பிறகு 1960 முதல் 1996 வரை உள்நாட்டுப் போர். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள், காணாமல் போனார்கள். அடையாளம் தெரிந்தவர்களில் 83 சதவீதம் பேர் மாயா பழங்குடி மக்கள் என்று ஐ.நா. துணையோடு அமைந்த உண்மை ஆணையம் சொன்னது.

அந்தப் போர்க்காலத்தில்தான் குட்டியரெஸ் வளர்ந்தார். சிறுவயதிலேயே தாய், தந்தை இருவரையும் இழந்தார். தலைநகரின் தெருவே வீடானது. ஆதரவற்ற பிள்ளைகளுக்கான காப்பகம் ஒன்று கைகொடுத்தது. இளைஞரானதும் வடக்கே கிளம்பினார். சரக்கு ரயில்களில் தொற்றிக்கொண்டு மெக்சிகோவைக் கடந்து, உரிய தாள்கள் இல்லாமல் அமெரிக்காவுக்குள் நுழைந்தார். வயதைக் குறைத்துச் சொன்னதால் திருப்பி அனுப்பப்படாமல் தப்பினார். கலிபோர்னியாவில் வளர்ப்புக் குடும்பங்களில் தங்கினார். நிரந்தரமாகத் தங்கும் உரிமை கிடைத்தது. கல்லூரியில் சேர்ந்தார். கட்டடக் கலைஞராக வேண்டும், ஊரில் இருக்கும் அக்காவுக்கு உதவ வேண்டும் என்பது அவர் ஆசை.

ஆசைக்குப் பணம் வேண்டும். பணமில்லாத பிள்ளைகளைத் தேடி அங்கே ராணுவம் வரும். படிப்புச் செலவுக்கு உதவி, குடியுரிமைக்குக் குறுக்குவழி என்று சொல்லும். 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு பணியிலிருக்கும் அயல்நாட்டு வீரர்கள், காத்திருக்காமல் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்று 2002 ஜூலையில் அதிபர் புஷ் ஆணையிட்டார். குட்டியரெஸும் சீருடை அணிந்தார். அடுத்த ஆண்டே போர்.

அவரைக் கொன்றது எதிரியின் குண்டு என்றுதான் முதலில் சொன்னார்கள். சொந்தப் படையின் குண்டு என்பது பிறகுதான் வெளியே வந்தது.

2003 ஏப்ரலில் அவருக்குக் குடியுரிமை வழங்கப்பட்டது. ஆனால் அது வெறும் மரியாதைதான். அந்தத் தாளைக் காட்டி அவருடைய உறவினர் யாரும் அமெரிக்காவில் குடியேற அன்றைய சட்டத்தில் இடமில்லை. உடல் குவாத்தமாலாவுக்கே திரும்பி வந்தது. போர்க்களத்தில் செத்தால்தான் குடியுரிமை என்றால் சட்டத்தில்தான் கோளாறு இருக்கிறது என்று, அப்போது லாஸ் ஏஞ்சல்ஸ் பேராயராக இருந்த கர்தினால் ரோஜர் மகோனி வெளிப்படையாகவே கண்டித்தார்.

படிக்கும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். குட்டியரெஸின் வீரத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. அவருக்கு வேறு என்ன வழி திறந்திருந்தது என்றுதான் கேட்கிறோம். உயிரோடிருந்தவரை அவர் குடியுரிமை இல்லாத அந்நியர், செத்த பிறகு தியாகி. ஏழையின் உடல் மட்டும் வேண்டும், உரிமையைப் பிறகு பார்க்கலாம் என்று ஓர் அரசு நினைத்தால், அது போர்த்தும் கொடிக்கு என்ன பொருள்?