அடுப்பும் விளக்கும் அணையாதிருக்க...



வடக்கனந்தல் கடைவீதியில் கடை வைத்திருக்கும் நமக்கு மின்வெட்டு புதிதல்ல. 2012இல் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லாமல் தவித்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அப்போது மின்சாரம் போனாலும் அடுப்பெரிக்க கேஸ் இருந்தது. வண்டிக்கு டீசல் இருந்தது. மூன்றும் ஒரே நேரத்தில் நின்றுபோனால் என்ன ஆகும்?

பக்கத்து நாடான இலங்கையில் 2022இல் அதுதான் நடந்தது. அன்னியச் செலாவணி தீர்ந்துபோக, எரிபொருள் இறக்குமதி தடைப்பட்டது. மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. சிலிண்டருக்கும் பெட்ரோலுக்கும் நாள்கணக்கில் வரிசை. ஜூன் இறுதியில் அத்தியாவசியப் பணிகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசு அறிவித்தது. பணம் வைத்திருந்தவர்களும் விறகு தேடி அலைந்தார்கள்.

நம் நாட்டின் நிலை வேறுதான். ஆனாலும் நாம் எரிக்கும் சமையல் எரிவாயுவில் பாதிக்கு மேல் கப்பலில் வருவது. கடல் வழி ஒன்று அடைபட்டால் அதன் சூடு நம் அடுப்படிக்கும் வரும். ஆகவே ஒவ்வொரு தேவைக்கும் இரண்டு வழி வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

முதலில் கணக்கு. சிலிண்டர் மாட்டும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். 14.2 கிலோ நம் வீட்டுக்கு எத்தனை நாள் வருகிறது என்பது மூன்றே சிலிண்டரில் தெரிந்துவிடும். கையிருப்பு தெரியாமல் கடை நடத்துவோமா? வீட்டுக்கும் அதே விதிதான்.

அடுத்து விளக்கு. 150 ஆம்பியர் பேட்டரி ஒன்றிலிருந்து உருப்படியாகக் கிடைப்பது முக்கால் யூனிட் மின்சாரம். நான்கு எல்.இ.டி. பல்பும் இரண்டு பழைய மின்விசிறியும் ஓடினால் நான்கு மணி நேரம் தாங்கும். 30 வாட் பி.எல்.டி.சி. மின்விசிறியாக மாற்றினால் அதே பேட்டரி எட்டு மணி நேரம் வரை வரும். இரண்டாவது பேட்டரி வாங்குமுன் மின்விசிறியை மாற்றுவதே லாபம்.

கூரைச் சூரிய மின்சாரத்துக்கு 2024இல் மத்திய அரசு அறிவித்த மானியம் 1 கிலோவாட்டுக்கு ரூ.30,000, 3 கிலோவாட்டுக்கு ரூ.78,000. இது வீட்டு இணைப்புக்கு மட்டுமே. ஒன்றைப் பலர் அறிவதில்லை: பேட்டரி இல்லாத சாதாரண அமைப்பு, லைனில் மின்சாரம் நின்றால் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்பவரின் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது. மின்வெட்டிலும் ஓட வேண்டுமென்றால் பேட்டரியோடு சேர்ந்த ஹைபிரிட் இன்வெர்ட்டரை முதலிலேயே கேட்டு வாங்க வேண்டும்.

அடுப்புக்கு நம் ஊரில் வழி உண்டு. ஐந்து மாடு உள்ள வீட்டில் தினம் 50 கிலோ சாணம் சேரும். 2 கன மீட்டர் சாண எரிவாயுக் கலன் ஒரு குடும்பத்தின் சமையலுக்குப் போதும். மாடில்லாதவர்கள் கொல்லையில் புகைபோக்கியோடு ஒரு விறகு அடுப்பு கட்டி வைக்கலாம். மரவள்ளிக் குச்சியும் மணி உதிர்த்த மக்காச்சோளக் கதிரும் வயலிலேயே கிடைக்கும். கல்வராயன் மலைக் காட்டில் கை வைக்க வேண்டாம். அந்த மலைத் தண்ணீர்தான் கோமுகி அணைக்கு வருகிறது.

எச்சரிக்கையும் உண்டு. கடையில் பெட்ரோல் கேன் வைக்காதீர்கள். மூடிய அறையில் ஜெனரேட்டர் ஓட்டாதீர்கள். அதன் புகை மணமில்லாத நஞ்சையும் கக்கும்.

கடைசியாக, தொழில் தர்மம். தட்டுப்பாடு என்ற பேச்சு எழுந்ததும் மக்கள் முதலில் வருவது நம் கடைக்குத்தான். மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் பதுக்கி விலையேற்றினால் அந்த வாரம் லாபம் வரும். பிறகு வாடிக்கையாளர் வரமாட்டார். ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து, எல்லோருக்கும் பழைய விலைக்கே கொடுப்போம். நம் வீட்டு அடுப்புக்குப் பயமில்லை என்றால்தான் கல்லாவில் உட்கார்ந்து நியாயமாக அளக்க மனம் வரும். ஆகவே, தட்டுப்பாடு இல்லாத காலத்திலேயே ஏற்பாட்டைத் தொடங்குவோம்.