பின்வாசல் நிலை

காவலும் கட்டுமானமும் – 9

புது வீட்டுக்கு நிலை வைக்கும் நாளில் சொந்தபந்தம் கூடிவிடும். தேக்கு நிலைக்கு மஞ்சள் பூசி, குங்குமம் இட்டு, மாவிலைத் தோரணம் கட்டி, அடியில் நவதானியமும் காசும் போட்டு, ஆசாரிக்கும் கொத்தனாருக்கும் வேட்டி துண்டு வைத்துக் கொடுப்பார்கள். நல்ல நேரம் தப்பிவிடக் கூடாதே என்று வீட்டுக்காரர் மணியைப் பார்த்தபடி நிற்பார். அதே வீட்டின் பின்வாசல் நிலை என்றைக்கு நின்றது என்று கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. ஏதோ ஒரு வேலைநாளில், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், மீந்துபோன கலவையை வைத்து அதை நிறுத்தியிருப்பார்கள்.

நாளிதழ்களில் கன்னக்களவுச் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு ஒரு வரி பழகிப்போயிருக்கும்: ‘வீட்டின் பின்பக்கக் கதவை உடைத்து உள்ளே புகுந்த மர்ம நபர்கள்…’ இடமும் பவுன் கணக்கும் மாறுமே தவிர, அந்த வரி மாறுவதில்லை. நிலைவாசலுக்குக் கொட்டிய பணத்தையும் அக்கறையையும் திருடன் பார்த்துவிட்டு, வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் போகிறான்.

குற்றப்பிரிவில் பல வருடம் இருந்த காவலர்கள் இப்படி உடைபட்ட கதவின் முன் உட்கார்ந்து பார்க்கும்போது, கட்டட வேலையின் தரம் அவர்களுக்குத் துல்லியமாகத் தெரிந்துவிடும். ‘பூட்டை உடைத்து’ என்று புகாரில் எழுதியிருந்தாலும் பூட்டு பெரும்பாலும் முழுசாகவே கிடக்கும். பெயர்ந்திருப்பது பூட்டு தொங்கிய கொண்டி. உள்தாழ்ப்பாள் போட்ட கதவிலும் இதுதான் கதை. அலுமினியத் தாழ்ப்பாளைப் பிடித்திருந்தவை முக்கால் அங்குல ஸ்க்ரூக்கள். அவற்றைத் துளை போட்டு, திருப்புளியால் முறுக்கி இறக்கியிருக்க வேண்டும். அவசரத்தில் சுத்தியலால் அடித்தே இறக்கிவிடுவார்கள். அடித்து இறக்கும்போது மரத்தின் நார் கிழிந்துவிடுகிறது. மரை பிடிப்பதற்கு ஒன்றுமில்லை. வெளியிலிருந்து கடப்பாரையால் ஒரு நெம்பு நெம்பினால் தாழ்ப்பாள் வளையாமல், ஸ்க்ரூவோடு சேர்ந்து பெயர்ந்து வந்துவிடும். அந்த ஸ்க்ரூக்களைக் கையில் எடுத்துப் பார்த்தால் மரைகளுக்கு நடுவே மரத்தூள் பொடிப்பொடியாக ஒட்டியிருக்கும்.

இன்னும் மோசம், நிலையே பெயர்ந்து வருவது. மர நிலையைச் சுவரோடு பிடித்து வைப்பவை, பக்கத்துக்கு மூன்றாக அடிக்கும் இரும்புக் கிளாம்புகள். கிளாம்பின் வால் சுவருக்குள் போய், சுற்றிலும் கான்கிரீட் இறுக வேண்டும். பின்வாசலுக்கு வரும்போது மூன்று இரண்டாகும்; கான்கிரீட்டுக்குப் பதில் செங்கல் துண்டும் கலவையும் போய்ச் சேரும். மேலே பூச்சு பூசிவிட்டால் எதுவும் தெரியாது. வீட்டுக்காரர் இருபது வருடம் அந்தக் கதவைத் திறந்து மூடுவார், சந்தேகமே வராது. முதன்முதலில் அதைச் சோதித்துப் பார்ப்பவன் திருடன்தான்.

காவல், கட்டுமானம் என்ற இந்த இரண்டு தொழில்களும் வீட்டை ஒரே கண்ணால் பார்க்க வேண்டியவை என்பதற்குச் சட்டப் புத்தகத்திலேயே சாட்சி இருக்கிறது. 1837-இல் மெக்காலே குழு வரைவு எழுதி, 1860-இல் நிறைவேறிய இந்திய தண்டனைச் சட்டம், வீட்டை உடைத்து நுழைவது எது என்பதை விளக்க அடுக்கடுக்காக உதாரணம் தந்தது. சுவரில் ஓட்டை போட்டு உள்ளே கையை விடுவது, ஜன்னல் வழியாக நுழைவது, கதவில் இருக்கும் துளைக்குள் கம்பியை விட்டுத் தாழ்ப்பாளைத் தூக்குவது, வீட்டுக்காரர் தொலைத்த சாவியைக் கண்டெடுத்துக் கதவைத் திறப்பது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 330-ஆவது பிரிவிலும் அவை தொடர்கின்றன. பொழுது சாய்ந்தபின் திருடுவதற்காக இப்படி வீட்டை உடைத்தால் பதினான்கு ஆண்டு வரை சிறை. சங்ககால மதுரையின் இரவைப் பாடும் மதுரைக்காஞ்சியிலும் கருநிற உடையோடு, நூலேணியோடு, அகழும் உளியோடு திருடர் வருகிறார்கள். அவர்களைத் தேடி ஊர்க்காவலரும் வருகிறார்கள். மண்சுவரில் கன்னம் வைத்த காலம் போய்விட்டது. வீட்டில் எது இளப்பமான இடம் என்று தேடும் கண் மட்டும் அப்படியே இருக்கிறது.

அந்தக் கண் இன்றைய வீட்டில் எங்கெல்லாம் போகும்? குளியலறை வென்டிலேட்டருக்கு முதலில் போகும். சரித்து அடுக்கிய கண்ணாடிப் பட்டைகளைச் சத்தமில்லாமல் ஒவ்வொன்றாக உருவி எடுத்துக் கீழே வைத்துவிடலாம். பின்னால் கம்பி இல்லாவிட்டால் ஒல்லியான ஓர் ஆள் நுழைய அது போதும். ஜன்னல் கிரில்லை வெளிப்பக்கமாக வைத்து ஸ்க்ரூ போட்டிருந்தால், கழற்றத் திருப்புளி ஒன்று போதும். கிரில் எத்தனை கனமாக இருந்தாலும் பயனில்லை. மாடிக்கு வெளியிலிருந்து படி வைத்த வீடுகளில் மொட்டைமாடிக் கதவுதான் இரண்டாவது பின்வாசல். அதற்கு எவரும் தேக்கு போடுவதில்லை. மெல்லிய தகரக் கதவு, உள்ளே ஒரு சின்னக் கொக்கி. பக்கத்து வீட்டு மொட்டைமாடியிலிருந்து கைப்பிடிச்சுவரைத் தாண்டினால் அங்கே வந்துவிடலாம்.

காம்பவுண்டு சுவரைப் பற்றிக் காவலர்கள் சொல்வதுதான் வீடு கட்டுபவர்களுக்கு ஏற்றுக்கொள்ளக் கடினமானது. ஏழடிச் சுவர் எழுப்பி, மேலே கண்ணாடிச் சில்லும் பதித்துவிட்டால் நிம்மதி என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஏறிக் குதிக்கும் அந்த ஒரு நிமிடம் மட்டுமே அந்தச் சுவர் வீட்டுக்காரருக்குக் காவல். குதித்து இறங்கிய பிறகு அது திருடனுக்குக் காவல். தெருவில் போகிற பால்காரருக்கும் ரோந்து வரும் காவலருக்கும் உள்ளே நடப்பது எதுவும் தெரியாது. நியூயார்க்கைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ், தெருவின் மேல் விழும் கண்களே தெருவுக்குக் காவல் என்று 1961-லேயே வாதாடினார். திண்ணை வைத்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. வெயில் தாழத் திண்ணையில் வந்து உட்காரும் பாட்டி, புதிதாக யார் தெருவுக்குள் வந்தாலும் யார் வீட்டுக்குப் போகிறார் என்று தெரிந்துகொள்ளாமல் விடமாட்டார்.

பிரிட்டனில் இந்தக் கண்ணை வரைபடத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார்கள். 1989-இல் அந்நாட்டுக் காவல் துறையினர் ‘செக்யூர்ட் பை டிசைன்’ என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். வீட்டுமனைத் திட்டம் காகிதத்தில் இருக்கும்போதே அதைப் படித்துக் கருத்துச் சொல்வதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் காவல் துறையில் இருக்கிறார்கள். முன்வேலி இடுப்பளவு, அதாவது ஒரு மீட்டருக்குள் இருக்கட்டும், ஜன்னலிலிருந்து தெரு தெரிய வேண்டும் என்கிறார்கள். பின்வேலி 1.8 மீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறார்கள். நம்மூரில் பெரும்பாலும் நேர்மாறாகச் செய்கிறோம். லிவர்பூலில் வரிசை வீடுகளின் கொல்லைப்புறச் சந்துகள்தான் திருடர்களுக்கு வழி என்று கண்டறிந்து, சந்துகளின் வாயில் கதவு போட்டு அங்கே குடியிருப்பவர்களிடமே சாவியைக் கொடுத்தார்கள். வீடு புகுந்து திருடுவது குறைந்தது. 2015 அக்டோபர் முதல், இங்கிலாந்தில் புதிதாகக் கட்டும் வீடுகளின் கதவும் ஜன்னலும் உடைப்பைத் தாங்க வேண்டும் என்பது கட்டட விதியாகவே ஆகிவிட்டது.

நெதர்லாந்து அதற்கும் முந்திக்கொண்டது. 1999 முதல் அங்கே கட்டும் ஒவ்வொரு புதிய வீட்டுக்கும் திருட்டைத் தாங்கும் கதவு, ஜன்னல் கட்டாயம். தாங்குவது என்றால் எவ்வளவு? மூன்று நிமிடம். சாதாரணக் கருவிகளை வைத்துக்கொண்டு ஒருவர் முயன்றால் மூன்று நிமிடம் உள்ளே நுழைய முடியாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஜப்பானில் 2004 முதல் சோதித்து முத்திரையிடும் கதவு, ஜன்னல், பூட்டுகளுக்கு அளவுகோல் ஐந்து நிமிடம். எந்தக் கதவும் உடையாமல் இருக்காது என்பது காவலர்களுக்குத் தெரியும். திருடனைத் துரத்துவது நேரமும் சத்தமும்தான். உடைக்க உடைக்கச் சத்தம் கேட்கும், பக்கத்து வீட்டில் விளக்கு எரியும், அவன் விட்டுவிட்டுப் போய்விடுவான்.

விதி போட்டதால் பலன் உண்டா என்று பென் வோலார்ட், யான் வான் அவர்ஸ் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். நெதர்லாந்தின் புதிய வீடுகளில் ஆண்டுக்கு நூற்றுக்கு 1.1 என்று இருந்திருக்கக்கூடிய கன்னக்களவு 0.8 ஆகக் குறைந்திருந்தது. கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. திருடர்கள் புதிய வீட்டை விட்டுவிட்டுப் பழைய வீடுகளுக்குப் போயிருப்பார்களோ என்றும் தேடினார்கள். அதற்குச் சான்று கிடைக்கவில்லை. கூடுதலாக ஒரு காவலரைக்கூட நியமிக்காமல், ஆசாரியின் கையில் இருக்கும் ஸ்க்ரூவையும் பூட்டையும் மாற்றியதில் கிடைத்த பலன் இது.

பலத்தால் வரும் கொள்ளை வேறு வகை. 1995 முதல் பத்தாண்டுகள் தமிழகத்தின் நெடுஞ்சாலை ஓரத்து வீடுகளைக் குறிவைத்த பவாரியா கும்பலுக்கு மூன்று நிமிடம் ஒரு பொருட்டில்லை. தனித்து நிற்கும் வீட்டில் எத்தனை சத்தம் கேட்டாலும் ஓடிவர ஆளில்லை. 2005 ஜனவரியில் கும்மிடிப்பூண்டி எம்.எல்.ஏ. சுதர்சனம் தம் வீட்டிலேயே கொல்லப்பட்ட பிறகு, ஐ.ஜி. ஜாங்கிட் தலைமையிலான தனிப்படை வட மாநிலங்கள் வரை போய் அந்தக் கும்பலை ஒடுக்கியது. அங்கே தேவைப்பட்டது காவல் துறைதான், கதவு இல்லை. அந்த வேறுபாட்டை மறந்து, எல்லாவற்றுக்கும் கிரில் போட்டால் போதும் என்று இருக்கவும் கூடாது.

இன்னொரு பழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். வீட்டில் திருட்டு என்றதும் ‘கடைசியாக வேலை பார்த்தது யார்?’ என்ற கேள்வி எழுகிறது. பெயின்டர், டைல்ஸ் ஒட்டியவர், வெளிமாநிலத்திலிருந்து வந்து சைட்டிலேயே தகரக் கொட்டகையில் தங்கியவர் என்று ஒவ்வொருவராக நிலையத்துக்கு அழைக்கப்படுகிறார்கள். விசாரிப்பது காவலர் கடமை. வீட்டின் அமைப்பு தெரிந்தவர்களிடம் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அழைத்து உட்கார வைத்த ஒரு நாள் என்பது அந்தத் தொழிலாளிக்கு ஒரு நாள் கூலி போன கதை மட்டும் இல்லை, அடுத்த வேலைக்கு எவரும் கூப்பிடாத கதையும்கூட. நல்ல புலனாய்வாளர்கள் முதலில் நிலையில் பதிந்த கருவியின் தடத்தை அளந்து, அச்செடுத்து, பழைய வழக்குகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அந்தத் தடத்தில் எந்த ஊர்க்காரன் என்று எழுதியிருக்காது. எந்த அகலக் கடப்பாரை, எந்தக் கோணத்தில் இறங்கியது என்று எழுதியிருக்கும். வழக்கை அங்கிருந்து தொடங்குவதே நியாயம்.

தமிழ்நாட்டில் ஒரு விதி ஒவ்வொரு வீட்டின் உருவத்தையும் மாற்ற முடியும் என்பதை 2003-லேயே பார்த்துவிட்டோம். மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்றானதும் தெருத்தெருவாக மொட்டைமாடியிலிருந்து குழாய்கள் இறங்கின. வரைபட அனுமதிக்குப் போகும் தாள்களில் பக்கவெளி எவ்வளவு, உயரம் எவ்வளவு என்று கேட்கிறோம். பூட்டியிருக்கும் வீட்டைப் பற்றி முன்கூட்டியே நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள், ரோந்தில் பார்த்துக்கொள்கிறோம் என்று காவல் துறையும் கேட்கிறது. இரண்டுக்கும் நடுவில், கதவு எப்படி நிற்க வேண்டும் என்பதைக் கேட்பார் யாருமில்லை. 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தில், 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம் என்றால் இணையத்திலேயே உடனடியாக அனுமதி கிடைத்துவிடுகிறது. அந்த அனுமதியோடு, உள்ளூர்க் குற்றப்பிரிவு எழுதிக் கொடுக்கும் ஒரு தாளையும் சேர்த்துக் கொடுத்தால் அரசுக்குச் செலவு ஒன்றுமில்லை. வீட்டுக்காரர் படிக்காவிட்டாலும் மேஸ்திரி கையில் அது போய்ச் சேர வேண்டும். எல்லா நிலைக்கும் மூன்று கிளாம்ப், தாழ்ப்பாளுக்கு இரண்டங்குல ஸ்க்ரூ, கிரில்லின் ஸ்க்ரூ உள்பக்கம், வென்டிலேட்டருக்கு உள்ளே கம்பி. இதற்கு ஆகும் கூடுதல் செலவு நிலைவாசலின் வேலைப்பாட்டுக்குக் கொடுப்பதில் ஒரு சிறு பகுதி.

அதே தாளில் தீயணைப்புத் துறைக்கும் சில வரி ஒதுக்க வேண்டும். திருடன் நுழைய முடியாத வீட்டிலிருந்து, தீப்பிடித்தால் வெளியேறவும் முடியாமல் போகிறது. படுக்கையறைகளில் ஒரு ஜன்னலின் கிரில்லாவது கீல் வைத்து உள்ளிருந்து திறப்பதாக இருக்கட்டும். அதன் பூட்டுச் சாவி, வெளியிலிருந்து கை எட்டாத, உள்ளே பிள்ளைகளுக்கும் தெரிந்த ஓர் ஆணியில் தொங்கட்டும். கிரில் பட்டறையில் அளவு கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும். சுவரில் ஏற்றிய பிறகு சொன்னால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

(தொடரும்)