நூற்று இரண்டு எஃகுக் கட்டைகள்

ஒரு கருவித் தொகுப்பு தரமானதா என்று எதை வைத்து முடிவுசெய்வது? பளபளப்பையா, விலையையா, செய்து காட்டுகிறவரின் கைத்திறனையா? துப்பாக்கிப் பட்டறைகள் இதற்குக் கறாரான ஒரு பரீட்சை வைத்திருந்தன. அந்தக் கருவிகளால் செய்த துப்பாக்கிகளை அக்கக்காகக் கழற்று. பாகங்களை ஒன்றோடொன்று கலந்துவிடு. கைக்கு வந்ததை எடுத்து மறுபடி பூட்டு. அரத்தால் ஓர் இழைகூட ராவாமல் எல்லாம் சரியாகப் பொருந்தினால் கருவி தேறியது. இல்லையென்றால் அது தேறவில்லை.

இன்று ஓர் ஊரில் வாங்கிய போல்ட் வேறோர் ஊரில் வாங்கிய நட்டில் பொருந்துகிறது. இந்த வசதிக்கு அடிப்படை அந்தப் பரீட்சைதான். அதில் தேற மனிதர்களுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது.

பிரான்ஸில் ஹொனோரே பிளாங் என்ற துப்பாக்கிக் கைவினைஞர் 1785-இல் இதைச் செய்து காட்டினார். ஐம்பது துப்பாக்கிகளின் விசைப்பூட்டுகளைக் கழற்றி, பாகங்களை வகைவகையாகப் பெட்டிகளில் வைத்திருந்தார். அப்போது பாரிஸில் அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன் கைபோன போக்கில் எடுத்துச் சிலவற்றைத் தாமே பூட்டிப் பார்த்தார். கச்சிதமாகப் பொருந்தியதை ஊருக்குக் கடிதமாகவும் எழுதினார். 1801-இல் எலி விட்னி வாஷிங்டனில் இதேபோல் ஒரு செயல்விளக்கம் நடத்திப் பெரும் புகழ் பெற்றார். ஆனால், அவர் பட்டறையின் துப்பாக்கிகளைப் பிற்கால ஆய்வாளர்கள் சோதித்தபோது, பாகங்கள் உண்மையில் ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்த முடியாதவை என்று தெரிந்தது.

உண்மையாகவே சாதித்தவர் ஜான் ஹால். வர்ஜீனியாவின் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியில் அரசுக்காக ரைஃபிள் செய்த அவர், 1820-களில் அறுபதுக்கும் மேற்பட்ட கேஜ்களை, அதாவது அளவு சரிபார்க்கும் கருவிகளை, உருவாக்கினார். ஒரு பாகத்தின் எல்லா அளவுகளையும் ஒரே ஆதாரப் புள்ளியிலிருந்தே எடுக்க வேண்டும் என்பது அவர் வகுத்த விதி. முதல் துளையிலிருந்து இரண்டாவதை அளந்து, இரண்டாவதிலிருந்து மூன்றாவதை அளந்தால் சின்னச் சின்னப் பிழைகள் கூடிக்கொண்டே போகும். எல்லாவற்றையும் ஓரிடத்திலிருந்து அளந்தால் ஒன்றின் பிழை அடுத்ததற்குத் தாவாது. கேஜ்களும் ஒரே தொகுப்பாக இல்லை. தொழிலாளிக்கு ஒன்று, மேற்பார்வையாளருக்கு ஒன்று, இரண்டையும் சரிபார்க்கப் பூட்டி வைத்த மூலத் தொகுப்பு ஒன்று. தினமும் உரசித் தேய்கிற கேஜ் பொய் சொல்லத் தொடங்கும்போது, தேயாத ஒன்று அதைக் காட்டிக்கொடுக்க வேண்டும்.

கைத்துப்பாக்கியில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. ரிவால்வரின் சட்டகத்தைப் பாருங்கள். குழல், சுழலும் உருளை, சுத்தி, விசை எல்லாம் இந்த ஒற்றை உலோகத் துண்டைத்தான் நம்பி நிற்கின்றன. உருளை ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அதன் அறை குழலின் வாய்க்கு நேராக வந்து நிற்க வேண்டும். கொஞ்சம் விலகினாலும் ஆபத்து, சுடுகிறவருக்கே. சாமுவேல் கோல்ட் 1851-இல் லண்டன் பெருங்கண்காட்சியில் தம் ரிவால்வர்களை வைத்தபோது, இயந்திரத்தால் செய்தவை என்று ஐரோப்பா வியந்தது. ஆனால், 1854-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு விசாரித்தபோது, கோல்ட்டின் லண்டன் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒருவரே, ஒரு ரிவால்வரின் பாகம் இன்னொன்றில் சேராது என்று சாட்சி சொன்னார். காரணம் உலோகத்தில் இருந்தது. இயந்திரம் வெட்டியதை ஃபிட்டர் அரத்தால் ராவி அதனதன் சட்டகத்தோடு பொருத்தினார். பிறகு கடினப்படுத்துவதற்காகச் சூடாக்கிக் குளிரவைக்கும்போது எஃகு லேசாகக் கோணியது. எந்தப் பாகம் எந்தச் சட்டகத்துக்குச் சொந்தம் என்று தெரிய, சட்டகத்திலும் அதற்குரிய பாகங்களிலும் ஒரே எண்ணைக் குத்தி வைத்தார்கள். பரீட்சையில் தேறாத கருவித் தொகுப்பின் அடையாளமே அந்த எண்கள்தான்.

அளவெடுப்பில் இருந்த முட்டுக்கட்டையை நீக்கியவர் ஸ்வீடனின் கார்ல் எட்வர்ட் யோஹான்சன். 1864-இல் பிறந்து, எஸ்கில்ஸ்துனா நகரின் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலையில் ஆய்வாளராக இருந்தவர். மௌசர் ரைஃபிளை உள்நாட்டிலேயே செய்ய ஸ்வீடன் தீர்மானித்ததும், 1896-இல் ஒரு குழு ஜெர்மனியின் ஓபர்ன்டோர்ஃபுக்குப் போனது. யோஹான்சனும் அதில் இருந்தார். மௌசர் ஆலையில் ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனியாக ஒரு கேஜ். இத்தனையையும் ஸ்வீடனில் செய்து முடிக்க எவ்வளவு காலமும் பணமும் ஆகும் என்ற கவலை திரும்பும் ரயிலில் அவரைக் குடைந்தது. ஒன்றோடொன்று சேர்த்து எந்த அளவையும் உண்டாக்கக்கூடிய சில கட்டைகள் போதுமே என்ற யோசனை அந்தப் பயணத்தில்தான் பிறந்தது.

கணக்கு எளிமையானது. முதல் வரிசை 1.01 மில்லிமீட்டரில் தொடங்கி 0.01 கூடிக்கூடி 1.49 வரை, 49 கட்டைகள். இரண்டாவது வரிசை 0.5 முதல் 24.5 வரை அரை மில்லிமீட்டர் இடைவெளியில் 49. மூன்றாவதில் 25, 50, 75, 100 என நான்கு. மொத்தம் 102. உங்களுக்கு 47.38 மி.மீ. வேண்டுமா? 1.38, 21, 25 ஆகிய மூன்றையும் சேர்த்தால் போதும். இப்படிச் சுமார் 20,000 அளவுகள் ஒரே பெட்டிக்குள் அடங்கின. கட்டைகளின் கடைசி மெருகை வீட்டில், மனைவியின் தையல் இயந்திரத்தை மாற்றியமைத்துத் தீட்டிக் கொடுத்தார் யோஹான்சன்.

கட்டைகளை அடுக்கும்போது நடுவில் இடைவெளி விழுந்தால் கூட்டல் பொய்த்துவிடும். விழுவதில்லை. இரண்டு கட்டைகளைச் சுத்தமாகத் துடைத்து, குறுக்காக வைத்து, மெல்ல அழுத்தி நகர்த்தித் திருப்பினால் பிடித்துக்கொள்கின்றன. தூக்கிப் பிடித்தாலும் கீழுள்ளது விழாது. பசையும் இல்லை, காந்தமும் இல்லை. வெற்றிடத்திலும் ஒட்டி நிற்பதால் வெளிக்காற்றின் அழுத்தம் மட்டுமே காரணமல்ல. அவ்வளவு தட்டையான பரப்புகள் நெருங்கும்போது மூலக்கூறுகளின் ஈர்ப்பும், இடையில் தங்கும் மிக மெல்லிய எண்ணெய் அல்லது ஈரப் படலமும் சேர்ந்து பிடிக்கின்றன. ஒரு தூசி இருந்தாலும் ஒட்டாது. ஆகவே ஒட்டுகிறதா என்பதே பரப்பு சுத்தமா என்பதற்கான சோதனையும் ஆகிறது. தட்டைத்தன்மையைச் சோதிக்கக் கட்டையின் மேல் ஒரு கண்ணாடித் தட்டை வைத்து ஒற்றை நிற ஒளியில் பார்ப்பார்கள். ஒளி அலைகள் குறுக்கிட்டுக் கோடுகள் தெரியும். கோடுகள் நேராக, சம இடைவெளியில் ஓடினால் பரப்பு தட்டை. வளைந்தால் மேடுபள்ளம். ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் உள்ள உயர வித்தியாசம் ஏறக்குறைய 0.3 மைக்ரான்தான்.

இவ்வளவு நுணுக்கத்தில் வெப்பமும் கணக்கில் வந்துவிடுகிறது. 100 மி.மீ. எஃகுக் கட்டை 20 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்குப் போனால் சுமார் 17 மைக்ரான் நீளும். கட்டையின் பிழையே ஒரு மைக்ரான் அளவில் இருக்கும்போது இது மலையளவு தவறு. நீளத்தைச் சொன்னால் அது எந்த வெப்பத்தில் என்றும் சொல்லியாக வேண்டும். யோஹான்சன் பயன்படுத்திய 20 டிகிரி செல்சியஸ் 1931-இல் சர்வதேசத் தரமானது. ஓர் அங்குலம் 25.4 மி.மீ. என்ற முழுக்கணக்கிலேயே தம் அங்குலக் கட்டைகளையும் அவர் செய்தார். 1959-இல் அங்குலத்தைப் பயன்படுத்திய முக்கிய நாடுகளும் அதையே ஏற்றுக்கொண்டன.

துப்பாக்கியில் பிறந்த இந்த ஒழுங்கு அங்கேயே தங்கிவிடவில்லை. ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதசாலையிலும் கோல்ட் ஆலையிலும் தொழில் பழகிய ஹென்றி லீலண்ட், பின்னாளில் காடிலாக் கார் நிறுவனத்தை நடத்தினார். 1908-இல் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸில் மூன்று காடிலாக் கார்களை முழுக்கக் கழற்றிப் பாகங்களைக் கலந்தார்கள். 89 பாகங்களைக் கிடங்கிலிருந்து எடுத்த புதியவற்றால் மாற்றி மறுபடி பூட்டினார்கள். மூன்றும் 500 மைல் ஓடின. பிளாங் பூட்டுகளுக்கு வைத்த அதே பரீட்சை, இம்முறை காருக்கு. யோஹான்சனையே 1923-இல் ஃபோர்டு நிறுவனம் அமெரிக்காவுக்கு அழைத்துக்கொண்டது.

அவருடைய கட்டைகளின் வழிவந்தவைதான் அம்பத்தூரிலும் கோவையிலும் கருவியறைகளில் மரப்பெட்டிக்குள் இருக்கும் ஸ்லிப் கேஜ்கள். ஐடிஐ மாணவர்கள் மெட்ராலஜி பாடத்தில் அவற்றைத் தொட்டிருப்பார்கள். வெறுங்கையால் அதிகநேரம் பிடித்தால் உள்ளங்கைச் சூட்டிலேயே நீளும். வியர்வை பட்டால் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் பிரித்து, துடைத்து, வாசலின் தடவி வைக்க வேண்டும். ஒட்டியபடியே விட்டால் பிரிக்கும்போது பரப்பு சேதமாகும்.

பட்டறை தொடங்கும் இளைஞர்களுக்கும் கருவித் தொகுப்பு வாங்கும் ஆர்வலர்களுக்கும் இந்த வரலாறு நான்கு கேள்விகளைத் தருகிறது. எல்லா அளவுகளும் ஒரே ஆதாரத்திலிருந்து வருகின்றனவா? இதே கருவியை வேறொருவர் பிடித்தாலும் இதே பாகம் வருமா? தேய்ந்தால் கண்டுபிடிக்க வழி உண்டா? கடைசியாக, கூடவரும் கேஜை யார், எதனோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தார்கள்? அளவுத்திருத்தச் சான்றிதழ் இல்லாத கேஜ் வெறும் இரும்புத் துண்டு. இயந்திரத்துக்கு லட்சங்களைச் செலவழித்துவிட்டு அளக்கும் கருவியில் சிக்கனம் பிடிக்காதீர்கள். பொருளின் தரத்தைச் சொல்ல முடிந்தது அது ஒன்றுதான்.