கைத்தொழிலும் பெற்றோர் பொறுமையும்

மீஞ்சூர் வட்டாரத்து அத்திப்பட்டை அடுத்து இன்று அனல் மின் நிலையமும் துறைமுகமும் அமைந்துள்ளன. இதே வட்டாரத்துப் பழவேற்காட்டிலோ, பனையோலைப் பின்னல் பெண்டிரின் கைத்தொழிலாக இன்றும் விளங்குகிறது. இத்தகைய தொழிலைப் புதிதாகக் கற்கும் பெற்றோர், வருவாயோடு மற்றுமொரு பயனையும் அடையலாம் என்பதை ஈண்டு எடுத்துரைக்க விழைகிறோம்.

குருத்தோலையை உலர்த்தி, ஈர்க்கினை நீக்கி, ஒரே அகலமாக வகிர்ந்து, சாயமேற்றிப் பின்னுதல் வேண்டும். காய்ந்த ஓலையை வலிந்து மடக்கினால் ஒடியும். சற்றே நனைத்தால் வளையும். முதற் கூடை பெரும்பாலும் கோணலாகவே அமையும். அப்போது கடிந்துரைத்தால் கற்பவரின் கை மேலும் தடுமாறும். பிழைத்த வரிசையைப் பிரித்துக் காட்டினால் அடுத்த வரிசை சீர்படும்.

எழுதுகோல் பிடிக்கும் குழந்தையின் நிலையும் இதுவே. பழகிய வேலையையே நாடோறும் செய்யும் பெரியோர், தொடக்கத்தின் இடர்ப்பாட்டை மறந்துவிடுகின்றனர். புதுத் தொழில் அதனை அவர்தம் விரல்களுக்கு நினைவூட்டுகிறது.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளியில் பிள்ளைகளை அடித்தலைத் தடை செய்துள்ளது. வீட்டில் பொறுமை காத்தலோ பெற்றோரின் கடமையாகும். அச்சத்தால் ஏட்டை வெறுத்த பிள்ளையை மீண்டும் படிப்பில் ஈடுபடுத்துதல் எளிதன்று.

ஆகவே, மகளிர் குழுக்களில் பயிற்சி பெறும் தாய்மார்க்கு ஒன்று கூறுவோம். மாலையில் பிள்ளையை அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். நீங்கள் பின்னுங்கள், பிள்ளை எழுதட்டும். ஒரு வேளைக்கு ஒரு பிழையை மட்டும் சுட்டுங்கள். உங்கள் கோணற் கூடையையும் பிள்ளைக்குக் காட்டுங்கள். தந்தையரும் இதனைக் கைக்கொள்ளின், கூடையும் செம்மையுறும், கல்வியும் தடைப்படாது.